கடல் சூழ்ந்த ஊரின் திருவிழாக்கள்

எங்கள் இல்லத்துச் சிறுவனுக்குப் பள்ளியில் 'எங்கள் ஊர்த் திருவிழா' என்னும் பொருள்பற்றிக் கட்டுரை எழுதிவருமாறு ஆசிரியர் பணித்திருந்தார். அவன் ஏடும் எழுதுகோலுமாக என் எதிரில் வந்தமர்ந்தான். நான் சிறிதும் சிந்தியாமல் மதுரைச் சித்திரைத் திருவிழாவைச் சொல்லத் தொடங்கினேன். மீனாட்சியம்மை திருமணமும், தேரோட்டமும், அழகர் வையையில் இறங்கும் காட்சியும் என் வாயினின்று வெள்ளமெனப் பெருகின. சற்றுநேரம் பொறுமையாகக் கேட்டிருந்த சிறுவன் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா, அந்த விழாவை நான் பார்த்ததே இல்லையே! பார்க்காத விழாவை எங்கள் ஊர் விழா என்று எப்படி எழுதுவேன்?" என்றான்.

அந்த வினாவுக்கு அன்றிரவு என்னிடம் விடையில்லை. நாம் அந்தமானுக்கு வந்து குடியேறியவர்கள். நமக்கு ஊர் என்பது சென்னைத் துறைமுகத்திற்கு அப்பால், ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்த் தொலைவில் இருப்பது. நம் மக்களுக்கோ ஊர் என்பது இதுவே, பிறிதொன்றில்லை. அவர்களுடைய ஊர்த் திருவிழா எது? இவ்வினாவை உள்ளத்தில் வைத்துக்கொண்டு, இத்தீவுகளின் சந்தைகளையும் விழாக்களையும் நான் கண்டும் கற்றும் அறிந்தவற்றை நம் சங்கத்தின் ஆண்டு மலர் வாயிலாக அன்பர்கள்முன் வைக்கிறேன்.

புகார் கற்பித்த பாடம்

கடற்கரை ஊரின் திருவிழா தமிழருக்குப் புதியதன்று. காவிரி கடலோடு கலக்கும் புகார் நகரில் இந்திரவிழா 28 நாள் நடைபெற்றது. சிலப்பதிகாரத்தில் அவ்விழாவுக்கென்றே ஒரு காதை உண்டு; மணிமேகலையோ விழாவை முரசறைந்து அறிவிக்கும் காதையுடனேயே தொடங்குகிறது. அம்முரசறைவோன் கூறுவனவற்றுள் இரண்டு செய்திகள் நாம் எண்ணிப் பார்க்கத்தக்கவை. வாதம் புரிய வல்லவர் பட்டிமண்டபத்தில் முறைப்படி ஏறி வாதிடலாம் என்கிறான். ஆயின் விழா நடைபெறும் நாளெல்லாம் பகைவரைக் கண்டாலும் பூசல் விளைக்காது விலகிச் செல்லுங்கள் என்றும் வேண்டுகிறான். பல நாட்டு வணிகரும் பல மொழி பேசுவோரும் கலந்து வாழ்ந்த பட்டினம் அது. அங்கே விழா என்பது கூத்தும் பாட்டும் மட்டுமன்று. பகை ஓய்ந்திருக்கும் காலமும் ஆகும்.

அவ்விழா நின்றுபோன கதையையும் மணிமேகலையே கூறுகிறது. மகனைக் காணாது வருந்திய சோழ மன்னன் விழாவெடுக்க மறந்தான். கடல் பொங்கி நகரை விழுங்கிற்று. இதனை வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. கூடி வாழும் ஊர், கூடும் வழக்கத்தை மறந்தால் அழியும் என்பதே அக்கதையின் கருத்து எனக் கொள்வோம்.

தீவின் பழமையான விழா

நம் தீவுகளில் முதன்முதல் விழாக் கண்டவர் நாமல்லர். கப்பலில் வந்த எவரும் அல்லர். பன்னெடுங்காலமாக இக்காடுகளில் வாழ்ந்துவரும் பழங்குடி மக்களே அவர். 1906 முதல் 1908 வரை இங்குத் தங்கி ஆராய்ந்த ராட்கிளிப் பிரவுன் என்னும் ஆங்கில அறிஞர் 1922-இல் வெளியிட்ட நூலில், வட அந்தமான் மக்களின் சமாதான நடனம் ஒன்றை விளக்கியுள்ளார். தம்முள் போரிட்ட இரு கூட்டத்தார் ஓரிடத்தில் கூடுவர். ஒரு சாரார் அசையாமல் நிற்பர். மற்றைச் சாரார் சினங்கொண்டவர்போல் ஆடிக்கொண்டே வந்து, நிற்பவர் ஒவ்வொருவரையும் தோளைப் பற்றி நன்றாகக் குலுக்குவர். ஆடவர் குலுக்கிய பின்னர்ப் பெண்டிரும் வந்து குலுக்குவர். நிற்பவர் எதிர்த்தல் கூடாது, அஞ்சுதலும் கூடாது. அதன்பின் இரு சாராரும் ஒருங்கே அமர்ந்து வாய்விட்டு அழுவர். அத்துடன் பகை தீரும். சில நாள் கூடி வேட்டையாடியும் நடனமாடியும் பொருள்களை மாற்றிக்கொண்டும் பிரிவர்.

புகாரின் முரசறைவோன் சொல்லால் வேண்டியதை இம்மக்கள் உடலால் ஆடிக் காட்டினர். நகரமும் எழுத்தும் இல்லாத மக்கள், பகையை மறைக்காமல் வெளிப்படுத்தி, அழுது கரைத்துவிடும் வழி கண்டிருந்தனர் என்பது வியப்பன்றோ! அந்நடனம் ஆடிய இனத்தின் வழிவந்தோர் இன்று சில பத்துப் பேரே. குடியேற்றத்தோடு வந்த நோய்கள் அவர்களை அழித்தன. எஞ்சியுள்ள பழங்குடியினரின் வாழிடங்களை 1956-இல் பிறந்த சட்டம் காத்து நிற்கிறது. அவர்கள் வாழும் காடு நாம் வேடிக்கை பார்க்கும் சந்தையன்று. ஏட்டில் படித்து வணங்கத்தக்க விழா அது.

கப்பல்கள் கொணர்ந்த விழாக்கள்

1858 மார்ச்சு 10-ஆம் நாள் டாக்டர் வாக்கர் என்னும் அதிகாரி 200 கைதிகளுடன் இங்கு வந்திறங்கினார். முதல் இந்திய விடுதலைப் போரில் சிறைப்பட்டோரை நாடு கடத்தி வைப்பதற்காக அமைந்த குடியேற்றம் இது. 1896-இல் தொடங்கி 1906-இல் முடிந்த செல்லுலார் சிறை, கைதி கைதியோடு பேசாதிருத்தற்பொருட்டே தனித்தனி அறைகளாகக் கட்டப்பட்டது. கூடுதலைத் தடுக்கவே கட்டிய ஊர், கூடுதலையே பொருளாகக் கொண்ட விழாக்களின் ஊராக மாறிய விந்தையே போர்ட் பிளேரின் வரலாறு. 2024 செப்டம்பரில் அரசு இதற்கு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் சூட்டியது. பழைய பெயரும் நம் நாவில் நிலைத்திருக்கிறது.

தண்டனைக் காலம் முடிந்தபின் இங்கேயே தங்கியவர்கள் மணம் புரிந்துகொண்டனர். சாதியும் சமயமும் மொழியும் கடந்து அவர்கள் அமைத்த குடும்பங்களின் வழித்தோன்றல்களையே உள்ளூரில் பிறந்தோர் என்று இன்றும் அழைக்கிறோம். 1918 முதல் சோட்டா நாகபுரியிலிருந்து ஒராவன், முண்டா மக்கள் காட்டு வேலைக்குக் கொண்டுவரப்பட்டனர். 1921 கிளர்ச்சிக்குப் பின் மலபாரிலிருந்து மாப்பிள்ளைமார் வந்தனர். 1925-இல் பர்மாவிலிருந்து கரேன் மக்கள் வந்து மாயாபந்தர்ப் பகுதியில் வேபி என்னும் ஊரை அமைத்தனர். நாடு பிரிந்த பின்னர், 1949 முதல் கிழக்கு வங்கத்து அகதிகள் குடியமர்த்தப்பட்டனர். ஒவ்வொரு கப்பலும் ஒரு பறையையும் ஒரு பாட்டையும் ஒரு பண்டிகையையும் உடன் கொணர்ந்தது. ஆகவே துர்க்கை பூசையும், ஓணமும், ரமலானும், கிறிஸ்துமசும், பொங்கலும் இச்சிறு நிலப்பரப்பில் அடுத்தடுத்த வாயில்களில் நடைபெறுகின்றன.

சந்தை விழாக்களையும் சிறிது சொல்லவேண்டும். சனவரித் திங்கள் இங்கு மேளாக்களின் காலம். நீல் தீவில் விவேகானந்தர் பிறந்தநாளையொட்டியும், ஹேவ்லாக் தீவில் நேதாஜி பிறந்தநாளையொட்டியும் மேளாக்கள் நடைபெற்று வந்துள்ளன. அவ்விரு தீவுகளும் 2018 டிசம்பர் முதல் முறையே சாகீத் தீவு, சுவராஜ் தீவு எனப் பெயர் பெற்றுள்ளன. அங்குக் குடியேறி நெல்லும் காய்கறியும் விளைவித்தவர் பெரும்பாலும் வங்க மக்கள். ஒருமுறை நான் குடும்பத்துடன் சுபாஷ் மேளாவுக்குச் சென்றிருந்தேன். படகிலிருந்து இறங்கியவுடன் பொரியில் கடுகெண்ணெய் கலக்கும் மணம் வரவேற்றது. ஒருபால் வங்கப் பாட்டு; ஒருபால் குழந்தைகளின் இராட்டினம்; வளையல் கடை; பூசணிக்காயும் வாழைத்தாரும் போட்டிக்கு வைத்த பந்தல். அவற்றினிடையே கல்லில் தோசை வார்த்துக்கொண்டிருந்தார் நம் தமிழர் ஒருவர். அவர் வங்கமொழியில் விலை சொல்ல, வாங்கியவர் இந்தியில் பேரம் பேச, பக்கத்தில் நின்ற தெலுங்கர் இருவருக்கும் நடுவராக நின்று சிரித்தார். அச்சிரிப்பொலியில் எனக்குப் புகாரின் முரசொலி கேட்டது.

நேதாஜியின் பெயரால் இங்கு விழா எடுப்பது வெறும் புகழ்ச்சியன்று. சப்பானியர் இத்தீவுகளைக் கைப்பற்றியிருந்த காலத்தில், 1943 டிசம்பர் 30-ஆம் நாள் அவர் போர்ட் பிளேர் ஜிம்கானா மைதானத்தில் தேசியக் கொடியேற்றினார். ஆசாத் ஹிந்து அரசின் சார்பில் இத்தீவுகளுக்குத் தலைமை ஆணையராக அனுப்பப்பட்டவர் தமிழரான லோகநாதன் என்பது நாம் நம் மக்களுக்குச் சொல்லவேண்டிய செய்தி. அதே காலத்தில், 1944 சனவரி 30-ஆம் நாள், ஹம்பிரிகஞ்சில் இந்தியர் 44 பேரைச் சப்பானியர் ஒற்றர் என்று பழிசுமத்திச் சுட்டுக் கொன்றனர். மகிழ்ச்சி விழாவும் துயர நினைவும் ஒரே திங்களில் அடுத்தடுத்து வருவது இத்தீவின் இயல்பு.

ஒரு தமிழர் எழுதிய நாட்குறிப்பு

நக்கவாரம் என்னும் நிக்கோபார் தமிழருக்குப் பழம் பெயர். முதலாம் இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பைக் கூறும் தஞ்சைக் கல்வெட்டில் மாநக்கவாரம் என்னும் பெயர் காணப்படுகிறது. ஆயினும் வென்றவனைவிட நான் போற்றுவது, படையின்றி அங்குச் சென்ற வேதப்பன் சாலமன் என்னும் தமிழரையே. அவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கார் நிக்கோபார்த் தீவின் மூஸ் என்னும் ஊரில் சமயப் பணியாளராகவும் ஆசிரியராகவும் வாழ்ந்தார். வந்துபோன கப்பல்கள், ஊர்ச் சடங்குகள், விருந்துகள், பிணக்குகள் முதலியவற்றை நாள்தோறும் குறித்துவைத்தார். அக்குறிப்பின் பகுதிகள் 1902-இல் இலண்டன் மானிடவியல் கழகத்தின் இதழில் அச்சேறின. அவரிடம் பயின்ற நிக்கோபார்ச் சிறுவரில் ஒருவரே பின்னர் மாண்டலே சென்று கற்றுத் திரும்பி, 1950-இல் பேராயராக உயர்ந்து, 1952-இல் முதல் மக்களவையின் நியமன உறுப்பினரான ஜான் ரிச்சர்ட்சன்.

கார் நிக்கோபார் மக்களின் பெருவிழா, இறந்தோரைப் போற்றும் விழா. புதைத்துச் சில ஆண்டுகள் கழிந்தபின், முன்னோரின் எலும்புகளை அகழ்ந்தெடுத்துச் சிறப்புச் செய்வர். விழாவை நடத்தும் ஊரார் பன்றிகளை ஆண்டுக்கணக்கில் கொழுக்க வளர்த்து, பிற ஊராரை அழைத்து விருந்தளிப்பர். தோளில் கைபிணைத்து வட்டமாக நின்று இரவெல்லாம் ஆடுவர். அழகு செய்த தோணிகளை ஊருக்கு ஊர் போட்டியிட்டு ஓட்டுவர். கொழுத்த பன்றியை எதிர்நின்று அடக்குவது இளைஞர்க்கு வீரம். நம் ஏறுதழுவுதலை அறிந்தவர்க்கு அதன் சுவையை விளக்க வேண்டுவதில்லை. கிறித்துவம் பரவிய பின்னர்க் கிறிஸ்துமசும் புத்தாண்டும் அங்குப் பெருவிழாக்களாயின. ஆட்டமும் பன்றி விருந்தும் அவற்றிலும் இடம்பெற்றன. அத்தீவுக்குச் செல்ல இசைவுச் சீட்டு வேண்டும். நினைத்தவுடன் கண்டுவரும் விழா அன்று அது. அழைப்பவர் வீட்டுக்கு விருந்தினராகச் செல்லும் விழா.

காவடியும் கடலும்

இனி நம் விழாவுக்கு வருவோம். பங்குனி உத்திரமே போர்ட் பிளேர்த் தமிழரின் தலையாய விழா. அன்று வெற்றிமலை முருகன் கோயிலை நோக்கிப் பால்குடமும் காவடியும் மேடும் பள்ளமுமான தெருக்களில் ஏறியும் இறங்கியும் வரும். அலகு குத்தியோர் நடந்துவர, பறையும் உடுக்கையும் முழங்க, வீட்டு வாயில்தோறும் பெண்டிர் குடங்குடமாக நீர் ஊற்றுவர். நீர் ஊற்றுவோரெல்லாம் தமிழர் என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் தெருவில் வங்க மூதாட்டி ஒருவர் ஆண்டுதோறும் நீர்மோர்ப் பானையுடன் நிற்பார். உள்ளூரில் பிறந்த குடும்பத்து இளைஞர், இந்தி தவிரப் பிறமொழி அறியாதவர், நேர்த்திக்கடனுக்காகக் காவடி தூக்கியதையும் கண்டிருக்கிறேன்.

2011 கணக்கெடுப்பில் இத்தீவுகளின் மக்கள் தொகை 3,80,581. அதில் தமிழ் பேசுவோர் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர். துறைமுகத்திலும் சாலைப் பணியிலும் கடையிலும் அலுவலகத்திலும் உழைக்க வந்தோர் ஒரு சாரார். 1964-இல் இந்திய இலங்கை அரசுகள் செய்த உடன்படிக்கையின் வழித் தாயகம் திரும்பி, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்தோர் மற்றொரு சாரார். மலையகத்தில் தேயிலைத் தோட்டத்து லயங்களில் காமன் கூத்தும் மாரியம்மன் திருவிழாவும் கண்ட மக்கள் அவர்கள். இரண்டு முறை கடல் கடந்தவர்களுக்கு ஊர்த் திருவிழா எது என்று கேட்டால் என்ன விடை கூறுவர்?

அக்கச்சால் தீவையும் கார் நிக்கோபாரையும் 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கிற்று. கிறிஸ்துமசுக்கு மறுநாட் காலை அது. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டும் மறைந்தும் போயினர். நிக்கோபார்த் தீவுகளே பேரிழப்புக்கு உள்ளாயின. கடற்கரையில் இருந்த ஊர்கள் உள்நாட்டுக்குப் பெயர்ந்தன. விருந்துக்கு வேண்டிய பன்றியும் தென்னையும் கடலோடு சென்றன. முன்னோரின் எலும்புகள் கிடந்த மண்ணும் கரைந்தது. புகாரில் விழாவை மறந்ததால் கடல் வந்தது என்றது காவியம். இங்கே கடல் வந்ததால் விழா நின்றது. ஆயினும் நட்ட தென்னை காய்க்கும்வரை காத்திருந்து, மீண்டும் கூடும் நாளை எண்ணிய மக்களின் உறுதியை எக்காவியம் பாடும்!

தொலைநாட்டில் ஒரு சான்று

நம்போல் கடல் கடந்தோர் பிறநாட்டிலும் உளர். பிரிட்டனின் மேற்கே வேல்ஸ் என்னும் நாடு. ஆங்கிலத்தின் நெருக்கத்தால் தம் மொழி நலியும் என்று அஞ்சிய ஏறத்தாழ 150 பேர் 1865-இல் மிமோசா என்னும் கப்பலேறித் தென்னமெரிக்காவின் பட்டகோனியாக் கடற்கரையில் இறங்கினர். நீரற்ற நிலம், அந்நிலத்துப் பழங்குடியினர் வேட்டை கற்பித்து அவர்களுக்கு உதவினர். கப்பல் கரைசேர்ந்த சூலை 28-ஆம் நாளை அவர்களின் வழித்தோன்றல்கள் ஆண்டுதோறும் விழாவாகக் கொண்டாடுகின்றனர். ஐஸ்டெத்வோட் எனப்படும் கவிதை இசைப் போட்டி விழாவையும் நடத்துகின்றனர். நூற்றைம்பது ஆண்டுகட்குப் பின்னும் ஸ்பானியம் பேசும் நாட்டில் வேல்ஸ் மொழி பாடப்படுகிறது என்றால், அதற்கு அவ்விழாக்களும் காரணம் அல்லவா? அவர்கள் தாய்நாட்டு விழாவை நினைந்து ஏங்கியதோடு நின்றுவிடவில்லை. தாங்கள் கரையேறிய நாளையே விழாவாக்கினர்.

நாம் செய்யவேண்டுவது

இங்கேதான் என் நெஞ்சில் ஒரு குறை தோன்றுகிறது. நிக்கோபார் மக்களின் விழாவை ஒரு தமிழர் நாள்தோறும் எழுதிவைத்தார். நூற்றிருபது ஆண்டு கடந்தும் அது படிக்கக் கிடைக்கிறது. நம் விழாவை நாம் எழுதினோமா? நம் குடும்பத்தில் முதலில் கப்பலிறங்கியவர் யார், எந்த ஆண்டு, எக்கப்பலில். முதற் காவடியைத் தூக்கியது யாருடைய தோள். அன்று பறை முழக்கியவர் எந்த ஊரினர். மயிற்பீலி எங்கிருந்து வந்தது? இவற்றை அறிந்த முதியோர் ஒவ்வோர் ஆண்டும் நம்மைப் பிரிந்து செல்கின்றனர். அவர்களோடு அந்த ஏடும் எழுதப்படாமலே மூடிவிடுகிறது.

ஆதலால் நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டு விழாவில் பேச்சுக்கும் நாடகத்துக்கும் பரிசளிப்பதுபோல், தம் பாட்டனார் பாட்டியார் வாய்மொழியை எழுதிவரும் மாணவர்க்கும் பரிசளிப்போம். பழைய விழா அழைப்பிதழ்களையும் நிழற்படங்களையும் தொகுப்போம். குடும்பங்களுக்கும் ஒன்று சொல்வேன்: நம் மக்களைத் துர்க்கை பூசைப் பந்தலுக்கும், ஓணப் பூக்கோலத்துக்கும், கரேன் மக்களின் கிறிஸ்துமசுக்கும், அழைப்புக் கிடைக்குமாயின் நிக்கோபார் நண்பர் இல்லத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். பிறர் விழாவை மதித்துச் சென்றவனுக்கே தன் விழாவின் மதிப்பு விளங்கும்.

மறுநாட் காலை சிறுவன் தன் கட்டுரையைக் காட்டினான். வையையும் அழகரும் அதில் இல்லை. மேட்டுத் தெருவில் காவடி ஏறியதும், வெயிலில் சுட்ட தார்ச்சாலையில் நீர் ஊற்றியதும், வங்கப் பாட்டியம்மாள் அவன் கையில் மோர்க்குவளை தந்ததும் எழுதியிருந்தான். 'எங்கள் ஊர்த் திருவிழா பங்குனி உத்திரம்' என்று தொடங்கியிருந்தான். எழுத்துப்பிழை இரண்டைத் திருத்தினேன். பொருளில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

வாழ்க தமிழ்! வாழ்க தீவக மக்கள் ஒற்றுமை!